நன்னாரி மணப்பாகு: மணம் பாட்டிலுக்குள் வந்து சேர்ந்த விதம்

நன்னாரி வேரைப் போட்டுக் கொதிக்க வைத்து, தண்ணீர் பாதியாகச் சுண்டியதும் வடிகட்டி, சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்ச வேண்டும். மணப்பாகுக்கு, அதாவது சர்பத் கலக்கும் பாகுக்கு, கேட்ட இடத்தில் எல்லாம் எனக்குச் சொன்ன பக்குவம் இதுதான். சில கோடைகளாக அப்படியே செய்தும் வந்தேன். நிறம் வரும், இனிப்பு வரும், அடிநாக்கில் லேசாகக் கசப்பும் வரும். மணம் மட்டும் வராது. அடுப்பில் இருக்கும்போது தெருமுனை வரைக்கும் மணக்கும். பாட்டிலைத் திறந்தால் வெறும் சர்க்கரைத் தண்ணீர் வாசம்.

இந்தக் கோடையில் அது சரியாகிவிட்டது. தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே மூக்குக்குத் தெரிகிறது. என்ன செய்தேன், எதில் காசு போனது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் வேர். மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் நன்னாரி எப்போதும் கிடைக்கும். கட்டாகக் கட்டியதும் உண்டு, இடித்துப் பொட்டலம் போட்டதும் உண்டு. பொட்டலத்தைத் தொட வேண்டாம். இடித்த வேரில் மணம் கொஞ்ச நாளிலேயே போய்விடும், எந்த வேர் என்றும் கண்டுபிடிக்க முடியாது. முழு வேராக வாங்கினால் ஒடித்துப் பார்க்கலாம். "அண்ணே, மேல மோந்து பார்க்காதீங்க, ஒடிச்சு மோந்து பாருங்க" என்று கடைக்காரரே சொன்னார். நல்ல வேர் 'டக்'கென்று ஒடியும். ஒடிந்த இடத்தை நகத்தால் சுரண்டினால் வெனிலாவும் பாதாமும் கலந்த மாதிரி ஒரு வாசம் ஏறும். பழைய வேரில் மண் வாசம்தான் வரும். நான் வாங்கியது 100 கிராம் 90 ரூபாய். 250 கிராமுக்கு 225.

நன்னாரி என்று கேட்டால் சில கடைகளில் மாகாளிக் கிழங்கின் காய்ந்த வேரைத் தருவார்கள். அசல் நன்னாரி மெலிசாக, பென்சில் கனமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். தோல் கரும்பழுப்பு, குறுக்கே வெடிப்பு விட்டிருக்கும். மாகாளி விரல் கனத்துக்கும் மேல், சதைப்பற்றோடு இருக்கும். மாகாளியைக் கொடுத்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துக் கொடிகள், இரண்டிலும் மணம் தருவது ஒரே பொருள். ஆந்திராவின் ராயலசீமைப் பக்கம் சர்பத்துக்கே மாகாளி வேரைத்தான் போடுகிறார்கள். நம் ஊரில் அதே கிழங்கைத் தயிரில் ஊறுகாய் போட்டால் பாதிப் பேர் மூட்டைப்பூச்சி நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிறார்கள். எங்கள் வீட்டில் ஊறுகாயைக் கண்டால் ஓடுகிற ஆள்தான் சர்பத்தை முதலில் காலி செய்கிறது.

இரண்டு வேருக்கும் மணம் தரும் அந்தப் பொருளின் பெயர் 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸிபென்சால்டிஹைடு. பெயரை மறந்துவிடலாம், இரண்டு குணங்கள் போதும். ஒன்று, வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினும் இதுவும் ஒரே வகை அணுக்கள் ஒரே எண்ணிக்கையில் சேர்ந்தவை; அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. இன்னொன்றுதான் எனக்கு வேலைக்கு ஆனது: அந்த அடுக்கு வித்தியாசத்தால் இது வெனிலினைவிட வெகு சுலபமாக நீராவியோடு சேர்ந்து மேலே போய்விடும். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் மாகாளிக் கிழங்கை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களும் மணப் பொருளை நீராவியில்தான் வடித்தெடுத்தார்கள். ஆக, திறந்த பாத்திரத்தில் பாதியாகச் சுண்ட வைப்பது என்பது மணத்தை ஜன்னல் வழியாக அனுப்பிவிட்டுச் சக்கைத் தண்ணீரைப் பத்திரப்படுத்துகிற வேலை. தெருமுனை வரைக்கும் மணந்தது சும்மா இல்லை.

வேரை நேரடியாகப் போடுவதில்லை. குழாயடியில் மண் போகப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தினேன். தண்ணீரில் ஊறப்போட்டு மண் எடுத்தால் மணமும் கொஞ்சம் அதிலேயே போகும். பிறகு இஞ்சி தட்டுகிற கல் உரலில் வைத்து மெல்லத் தட்ட வேண்டும். இடிக்கக் கூடாது, தட்டினால் போதும். தோல் நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் வெளுத்த நரம்பு தனியே உருவிக்கொண்டு வரும். நரம்பில் ஒன்றும் இல்லை. சந்தேகம் தீர இரண்டு தம்ளர்களில் வெந்நீர் ஊற்றி, ஒன்றில் தோலையும் ஒன்றில் நரம்பையும் போட்டுத் தட்டால் மூடி வைத்துப் பார்த்தேன். தோல் போட்டது மணத்தது. நரம்பு போட்டதில் மரப்பட்டறை வாசம். 250 கிராம் வேரில் தோல் 145 கிராம் தேறியது. மீதியை எடைபோட்டுத் தூக்கிப் போடும்போது மனம் கேட்கவில்லைதான், ஆனால் சேர்த்தால் நிறமும் கசப்பும்தான் கூடும்.

அடுப்பே வேண்டாம் என்று முதலில் பிளாஸ்கில் பார்த்தேன். அரை லிட்டர் பிளாஸ்க், 60 கிராம் தோல், கொதித்து இறக்கி ஐந்து நிமிஷம் ஆறிய தண்ணீர். இரவு முழுக்க மூடி வைத்துக் காலையில் திறந்தால் அருமையான மணம். அதில் முக்கால் கிலோ சர்க்கரையைப் போட்டுக் கம்பிப் பதம் பார்க்க அடுப்பில் ஏற்றினேன், பத்து நிமிஷத்தில் பழைய கதை. அடுத்த தடவை அடுப்பில் ஏற்றாமல், பிளாஸ்க் தண்ணீர் சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக் கரைத்தேன். இது பரவாயில்லை. எந்தச் சாமானும் வாங்க விருப்பமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், கொதிக்க வைத்த சர்பத்தைவிட நிச்சயம் மேல். ஆனால் இந்த மணப் பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. வெறும் ஊறலில் வேரில் இருப்பதில் பாதிகூட வந்திருக்காது என்று பட்டது. ஊறிய தோலை எடுத்து நகத்தால் கீறினால் இன்னும் மணத்துக்கொண்டிருந்தது.

சரி, நீராவியோடுதான் போகிறது என்றால் அந்த நீராவியையே பிடித்துக் குளிரவைத்தால் என்ன? ஓமவாட்டர் எடுக்கிற அதே வழி. சித்த வைத்தியத்தில் வாலையில், அதாவது ஆவி பிடித்து வடிக்கும் கலத்தில், வடித்த தீநீர் என்று சொல்வது இதைத்தான்.

பழைய 5 லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று பரணில் கிடந்தது. குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர்க்காரர்கள் சாமான் வாங்கும் கடையில் கால் அங்குலச் செம்புக் குழாய் 2 மீட்டர் வாங்கினேன், 300 ரூபாய். குக்கரின் வெயிட்டைக் கழற்றிவிட்டு அந்த மூக்கில் மாட்ட சிலிக்கான் டியூப் 1 மீட்டர் 120 ரூபாய். செம்புக் குழாயைப் பெயின்ட் டப்பாவைச் சுற்றி வளைத்துச் சுருளாக்கி, ஐஸ் தண்ணீர் வாளியில் இறக்கினேன். வளைக்கும் முன் குழாய்க்குள் பொடி மணலை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துக்கொண்டால் நசுங்காது. பிறகு மணலைத் தட்டி எடுத்து, வெந்நீரும் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பல தடவை கழுவ வேண்டும்.

பார்க்க லட்சணமாக இருந்தது. வடிந்ததோ பூண்டு ரசம். குக்கரின் கேஸ்கட் வருஷக்கணக்காகக் குடித்து வைத்திருந்த சாம்பார், பூண்டு எல்லாம் நீராவியில் கிளம்பி முதல் அரைத் தம்ளரில் வந்து இறங்கிவிட்டது. புது கேஸ்கட் 90 ரூபாய். அதை மாட்டியதும் பூண்டு போனது, ரப்பர் வாசம் வந்தது. வெறும் தண்ணீர் ஊற்றிப் பலமுறை ஆவி விட்ட பிறகு அதுவும் குறைந்தது. ஆனால் வடிந்த தண்ணீரில் லேசான பச்சை ஓடியது. செம்பு. மணப் பொருள் செம்போடு ஒட்டிக்கொள்ளக் கூடிய வகை, குழாயின் உள்பக்கம் எவ்வளவு கழுவியும் முழுக்க நம்ப முடியவில்லை. வாயில் வைக்கிற சாமான் என்பதால் அத்தனையையும் கொட்டினேன். சிலிக்கான் டியூபில் ஏறிய மணம் இன்றுவரை போகவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடத்தான் இப்போது பயன்படுகிறது.

குக்கரில் செய்கிறவர்களுக்கு ஒன்று: தோல் துணுக்கு மூக்கில் போய் அடைத்தால் ஆபத்து. தோலைத் துணிப்பையில் கட்டித்தான் போட வேண்டும், சேஃப்டி வால்வு புதிதாக இருக்க வேண்டும். டியூபின் நுனி வடிந்த தண்ணீருக்குள் மூழ்கவும் கூடாது. அடுப்பை அணைத்ததும் குக்கர் அத்தனையையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நான் இனி குக்கர் பக்கம் போவதாக இல்லை.

கடைசியில் வேலைக்கு ஆனது இட்லிக் குண்டான். ரப்பர் இல்லை, செம்பு இல்லை, குழாய் இல்லை, செலவும் இல்லை. குண்டானில் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் தோலும் போட்டு, மூடி இரண்டு மணி நேரம் ஊற வைத்தேன். அந்தத் தண்ணீரை மாற்றக் கூடாது. உள்ளே ஒரு கனமான எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து மேடையாக வைத்து, அதன் மேல் கிண்ணம். கிண்ணத்தின் அடி தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொதிக்கும்போது மிதந்து கவிழும். டப்பாவுக்கு அடியில் ஆவி சேர்ந்து ஆடாமல் இருக்க ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டேன்.

மூடியைக் கவிழ்த்துப் போட்டால் போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மூடியின் குமிழ் பிளாஸ்டிக், அதன் திருகாணி துருப்பிடிக்கிற ரகம். அதனால் மூடியை விட்டுவிட்டு, அடி உருண்டையான எவர்சில்வர் சட்டி ஒன்றைக் குண்டானின் வாயில் உட்கார வைத்தேன். சட்டிக்குள் ஐஸ். ஆவி சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து, வளைவில் வழுக்கி, நட்டநடுவில் சேர்ந்து சொட்டும். சொட்டு விழுகிற இடத்தில்தான் கிண்ணம் இருக்கிறதா என்று முதலில் வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. சட்டிக்கும் குண்டானுக்கும் இடையில் கோதுமை மாவைப் பிசைந்து கயிறாக உருட்டி ஒட்டினேன். வைத்தியர்கள் துணியில் மண் பூசிச் சுற்றி இடைவெளியை அடைக்கிற சீலைமண்ணின் இடத்தில் எனக்குக் கோதுமை மாவு. மேலே கனம் எதுவும் வைக்கக் கூடாது. ஆவி மிஞ்சினால் சட்டியைத் தூக்கிக்கொண்டு அதுவாக வெளியேற வழி இருக்க வேண்டும்.

கொதி வரும்வரை நடுத்தர தீ, வந்ததும் சிம். தீ கூடினால் மாவு ஓரமாக ஆவி சீறும், வீடு மணக்கும். வீடு மணந்தால் நஷ்டம், அவ்வளவுதான் கணக்கு. சட்டியில் உருகிய தண்ணீரைக் கரண்டியால் மொண்டு எடுத்துப் புது ஐஸ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 100 மில்லி வடிய அரைக் கிலோ ஐஸ் பிடித்தது, சுமார் 25 நிமிஷம் ஆனது. அணைத்ததும் திறக்காமல் பத்து நிமிஷம் விட்டு, பிறகு சட்டியைத் தூக்கினேன்.

கிண்ணத்தில் இருந்தது தெளிந்த தண்ணீர் இல்லை; அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் கலங்கலாக இருந்தது. மேலே எண்ணெய்ப் படலம் எதுவும் இல்லை. ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்தால் இரவு வரைக்கும் மணம் நின்றது. கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால், கலங்கல் தெளிந்து அடியில் வெள்ளையாக, மயிரிழை போல ஊசி ஊசியாகப் படிந்திருந்தது. மொத்தமும் ஒரு சிட்டிகைக்கும் குறைவு. முதலில் ஏதோ பூஞ்சை என்று பயந்தேன். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தியதும் ஊசிகள் உருகி எண்ணெய்ச் சொட்டாகி அடியிலேயே உருண்டன. இந்தப் பொருள் 41 முதல் 43 டிகிரிக்குள் உருகும், வெனிலினுக்கு 81 டிகிரிக்கு மேல் வேண்டும். குளியலுக்குப் போடும் வெந்நீர்ச் சூட்டிலேயே உருகியதைப் பார்த்த பிறகுதான் வந்திருப்பது சரக்கு என்று நம்பிக்கை வந்தது.

இரண்டாவதாக இன்னொரு 100 மில்லி வடித்தேன். அதில் மணம் பாதிதான். மூன்றாவது 100 மில்லியில் வேகவைத்த கட்டை வாசம் வரத் தொடங்கியதால் அதோடு அணைத்தேன். மணப்பாகுக்கு முதல் 100 மட்டும். இரண்டாவதைத் தனி பாட்டிலில் வைத்து மோருக்கும் பானைத் தண்ணீருக்கும் ஒரு கரண்டி விட்டுக் குடித்தோம். அதற்கு அது போதும்.

இனி பாகு. குண்டானில் மிஞ்சிய கஷாயத்தில் நிறமும் துவர்ப்பும் இருக்கின்றன, அதைக் கொட்ட வேண்டியதில்லை. வெள்ளைத் துணியில் வடிகட்டி 400 மில்லி எடுத்துக்கொண்டேன். கணக்கு இது: 1 கிலோ சர்க்கரைக்கு மொத்தத் தண்ணீர் அரை லிட்டர் இருந்தால் பாகு பூஞ்சை பிடிக்காத கெட்டியில் நிற்கும், உறையவும் உறையாது. அந்த அரை லிட்டரில் 100 மில்லி கடைசியில் தீநீராகச் சேரப்போகிறது. ஆகவே காய்ச்சும்போது 400 மட்டும்.

இன்னும் கெட்டியாகக் காய்ச்சி, தீநீரை 200 மில்லியாக விடலாமே என்று 300 மில்லி கஷாயத்தில் ஒரு பாகு செய்தேன். ஆறுவதற்குள் பாத்திரத்தின் ஓரமெல்லாம் கற்கண்டு கட்டிவிட்டது. மறுபடி சூடாக்கித்தான் கரைக்க முடிந்தது. 400 மில்லியில் அந்தத் தொல்லை வரவில்லை.

சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, அழுக்கு நுரையைக் கரண்டியால் எடுத்தேன். கம்பிப் பதம் பார்க்கவில்லை. பாத்திரத்தோடு தராசில் வைத்தேன். பாத்திரத்தின் எடையைக் கழித்தால் 1,400 கிராம் வர வேண்டும். கொதியில் ஆவியானதால் 1,340 காட்டியது, 60 மில்லி வெந்நீர் விட்டுச் சரிசெய்தேன். சமையலறைத் தராசு 400 ரூபாய்தான், விரலைச் சுட்டுக்கொண்டு கம்பி இழுப்பதற்கு இது மேல்.

பாகு எப்போது தீநீரைத் தாங்கும் என்பதுதான் மிச்சம். சூடாக இருக்கும்போது விட்டால் மணம் கிளம்பிவிடும். முழுக்க ஆறிய பாகில் விட்டால் இரண்டும் சுலபத்தில் கலக்காமல் தீநீர் மேலேயே நிற்கும். தெர்மாமீட்டரில் 50 டிகிரி காட்டும்போது, வெந்நீரில் வைத்து ஊசிகளை உருக்கிய தீநீரை விட்டு, உடனே மூடி, பாத்திரத்தையே சுழற்றிக் கலக்கினேன். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் பாத்திரத்தை வெளியில் தொட்டு, நன்றாகச் சுடுகிற, ஆனால் உடனே கையை எடுக்க வேண்டியிராத சூடு என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு உலர்ந்த கண்ணாடி பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பினேன். 1 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிய ஒரு கால் லிட்டர் மட்டும் மூன்றாவது வாரத்திலேயே மணம் மங்கிவிட்டது; காலி பாட்டில் மணக்கிறது, சர்பத் மணக்கவில்லை.

நிறம் வெளிர்த் தேநீர் நிறம்தான். கடை பாட்டிலின் கருஞ்சிவப்பை எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பழைய முறையில் காய்ச்சியதையும் இதையும் ஒரே அளவில், 30 மில்லிக்கு ஒரு தம்ளர் பானைத் தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சை, ஊறிய சப்ஜா விதை சேர்த்து, எது எது என்று சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன். பழையதை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல என்னடா போட்ட, வெறும் சீனித் தண்ணியா இருக்கு" என்றார். மற்றதைக் குடித்தவர் ஒன்றும் சொல்லாமல் தம்ளரைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

செலவு: வேர் 225, சர்க்கரை 45, எலுமிச்சை 5. காஸ், ஐஸ் எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் ஒரு லிட்டர். குக்கர் முயற்சிக்குப் போன 510 ரூபாயைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கடையில் இதைவிடக் குறைந்த விலைக்குச் சர்பத் கிடைக்கும், காசுக்காக யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்த முறை தோலை இன்னும் பொடியாக நறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் 100 மில்லியிலேயே இன்னும் இறங்கும் என்று தோன்றுகிறது. ஐஸ் மாற்றும் வேலைதான் அலுப்பு. அகலமான சட்டி வைத்து, பால் பாக்கெட்டில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த கட்டிகளைப் போட்டால் அடிக்கடி எழுந்திருக்க வேண்டாம். மாகாளியில் வடித்தால் இதைவிட அதிகம் கிடைக்கும் என்பது தெரியும். ஆனால் அது பெரும்பாலும் மலைக்காட்டில் தோண்டி வருகிற கிழங்கு, தோண்டினால் கொடியும் போச்சு. சர்பத்துக்கு நன்னாரியே போதும் என்று விட்டுவிட்டேன்.

வடித்து முடித்த சக்கையைக் காயவைத்துச் சாம்பிராணியோடு தணலில் போட்டுப் பார்த்தேன். வெறும் கட்டைப் புகை. மீதியை உரக்குழியில் கொட்டியாயிற்று.